சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

அணுகுண்டுத் தொழிலாளர்களின் நஷ்ட ஈட்டுக் கதை

ஒரு கூலித் தொழிலாளி இருக்கிறான். வேலை செய்த நாட்களை அவன் எழுதி வைக்கவில்லை. கணக்கு நோட்டு மேஸ்திரி கையில் இருக்கிறது.

சனிக்கிழமை சம்பள நாள். "6 நாள் வேலை செய்தேன்" என்கிறான் தொழிலாளி.

"நோட்டில் 4 நாள்தான் இருக்கிறது" என்கிறார் மேஸ்திரி.

நியாயம் யார் பக்கம்? நோட்டைப் பார்த்தால் மேஸ்திரி பக்கம். ஆனால், அந்த நோட்டை எழுதியவரே மேஸ்திரிதானே!

இது 2 நாள் கூலித் தகராறு. இதுவே உயிர்த் தகராறாக இருந்தால்?

அமெரிக்காவில் அப்படி ஒரு தகராறு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அணுகுண்டு செய்யும் வேலையில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் ஈடுபட்டார்கள். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வந்தது. அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுக்கச் சட்டம் போட்டது. பணமும் ஒதுக்கியது.

ஆனால், கேட்டவர்களுக்கு எல்லாம் அது எளிதில் கிடைத்துவிடவில்லை.

நஷ்ட ஈட்டுக்குப் பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. அது உரியவர் கைக்குப் போகிறதா என்று பார்க்க ஒரு காவலர் வேண்டும். அந்தக் காவலர், தவறு செய்தவருக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். இதுவே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாது

எந்திரத்தில் கை அகப்பட்டால் ரத்தம் வரும். எல்லோரும் பார்ப்பார்கள். சாட்சி தேட வேண்டியது இல்லை.

கதிர்வீச்சு அப்படி அல்ல. அது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வாசனை இல்லை. உடம்பில் படும்போது வலிப்பதும் இல்லை. தொழிலாளி வழக்கம்போல வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான். தூங்குவான்.

10 ஆண்டு, 20 ஆண்டு, சில சமயம் 30 ஆண்டு கழித்து நோய் தலைகாட்டும். அதற்குள் தொழிற்சாலையை மூடியிருப்பார்கள். கூட வேலை செய்தவர்கள் இறந்திருப்பார்கள்.

"இந்த நோய் அந்த வேலையால்தான் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டால், அவன் எதைக் காட்டுவான்?

உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளப்பதற்குச் சட்டையில் ஒரு வில்லை குத்திக்கொள்வது உண்டு. ஆனால், அந்த நாளில் எல்லோருக்கும் எல்லா இடத்திலும் வில்லை கொடுக்கவில்லை. வில்லை இருந்தாலும், மூச்சு வழியாக உள்ளே போன தூசியை அது சொல்லாது. சில இடங்களில் பழைய ஏடுகள் காணாமலும் போய்விட்டன.

அந்த ஏடுகள் யாரிடம் இருந்தன? தொழிலாளியிடம் அல்ல. வேலை வாங்கியவரிடம்!

நவாஹோ சுரங்கங்கள்

அமெரிக்காவின் பழங்குடி மக்களில் ஓர் இனத்தார் நவாஹோக்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய 3 மாநிலங்களில் அவர்களுடைய நிலம் பரந்து கிடக்கிறது.

அணுகுண்டுக்கு யுரேனியம் வேண்டும். அது அவர்கள் நிலத்தில் இருந்தது. 1944 முதல் 1986 வரை அங்கிருந்து சுமார் 3 கோடி டன் தாது வெட்டி எடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் மட்டும் 500-க்கு மேல் இருக்கின்றன.

சுரங்கத்தில் இறங்கியவர்களில் நவாஹோக்கள் ஏராளம். காற்றோட்டம் சரியாக இல்லை. யுரேனியப் பாறையில் இருந்து ரேடான் என்ற வாயு வரும். அதைச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் உண்டாகும். ஐரோப்பாவில் சுரங்கத் தொழிலாளர்கள் இப்படி இறந்தது அதற்கு முன்பே டாக்டர்களுக்குத் தெரியும்.

1950-ல் அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதாரத் துறை டாக்டர்கள் சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். ரத்தம் எடுத்தார்கள். குறிப்பு எழுதினார்கள். ஆனால், "இந்த வேலையில் ஆபத்து இருக்கிறது" என்று அந்தத் தொழிலாளர்களிடம் சொல்லவில்லை!

தூசி படிந்த சட்டையோடு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்தச் சட்டையை மனைவி துவைத்தாள். மடியில் ஏறிக் குழந்தை விளையாடியது.

பிறகு, ஒருவர் பின் ஒருவராக ஆண்கள் இறந்தார்கள். சுரங்க வேலைக்குப் போனவர்களின் மனைவியர் விதவைகள் ஆனார்கள்.

ஸ்டூவர்ட் உடால் என்பவர் அமெரிக்காவின் உள்துறை மந்திரியாக 1961 முதல் 1969 வரை இருந்தவர். பதவியை விட்டு இறங்கிய பிறகு, இந்தத் தொழிலாளர்களுக்காக அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டார்.

வழக்கு தோற்றது. "அரசாங்கத்தின் மீது இப்படி வழக்குப் போடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால், இந்தத் துயரத்துக்குப் பரிகாரம் தேவை. அதைப் பாராளுமன்றம்தான் செய்ய வேண்டும்" என்ற கருத்தை 1984-ல் நீதிபதி தெரிவித்தார்.

6 ஆண்டுகள் கழித்து, 1990-ல், பாராளுமன்றம் சட்டம் செய்தது. சுரங்கத் தொழிலாளிக்கு 1 லட்சம் டாலர் நஷ்ட ஈடு. அவர் இறந்திருந்தால் குடும்பத்துக்கு. அந்தச் சட்டத்திலேயே நாட்டின் சார்பில் மன்னிப்பும் கேட்டது.

பூசாரி கேட்ட கேள்விகள்

சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி என்ன செய்தார்?

"நீ இறந்தவரின் மனைவி என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்ற கேள்வி வந்தது.

நவாஹோக்களில் பலர் தங்கள் குல வழக்கப்படி மணம் செய்துகொண்டவர்கள். ஊர் கூடி நடத்திய கல்யாணம். அதற்குச் சர்டிபிகேட் ஏது? 30 ஆண்டு குடும்பம் நடத்தியவள், தாலுகா ஆபீஸ் காகிதம் போல ஒன்று இல்லாததால் மனைவி இல்லை என்று ஆகிவிடுவாளா?

"உன் கணவர் புகை பிடித்தாரா?" என்றும் கேட்டார்கள். ஆம் என்றால், மற்றவர்களைவிட அதிகக் கதிர்வீச்சு பட்டதாக நிரூபிக்க வேண்டும். அதுதான் அப்போதைய விதி.

இந்த முட்டுக்கட்டைகளை எதிர்த்துத் தொழிலாளர்களும் விதவைகளும் 10 ஆண்டுகள் போராடினார்கள். 2000-ல் சட்டம் திருத்தப்பட்டது. புகை பிடித்தவருக்குத் தனிக் கணக்கு என்பது போயிற்று. (சுரங்கத்தில் 1 ஆண்டு வேலை செய்ததைக் காட்டினால் போதும் என்ற விதி 2002-ல் வந்தது.) தாதுவை அரைத்த ஆலைத் தொழிலாளிக்கும், லாரியில் ஏற்றிச் சென்றவருக்கும் நஷ்ட ஈடு உண்டு என்றார்கள்.

அடுத்த வேடிக்கையைக் கேளுங்கள். மனுக்கள் குவிந்தன. பணப் பெட்டி காலி ஆகிவிட்டது!

"உங்கள் மனு ஏற்கப்பட்டது. பணம் வந்ததும் அனுப்புகிறோம்" என்று நோயாளிகளுக்குக் கடிதம் போனது. புற்றுநோயோடு படுக்கையில் கிடப்பவரிடம் கடன் சீட்டு! அதைக் கையில் வைத்துக்கொண்டே சிலர் இறந்துபோனார்கள். 2001-ல் பாராளுமன்றம் கூடுதல் பணம் ஒதுக்கிய பிறகே பாக்கி தீர்ந்தது.

அந்தப் பணத்தை யாராவது முன்கூட்டியே கணக்குப் பார்த்திருந்தால், இந்தக் கொடுமை நடந்திருக்குமா?

குற்றவாளியே கணக்கப்பிள்ளை

இது சுரங்கத்தின் கதை. இனித் தொழிற்சாலைக்கு வருவோம்.

கென்டக்கி மாநிலத்தில் படூகா என்ற ஊர். அங்கு யுரேனியத்தைச் செறிவூட்டும் பெரிய ஆலை இருந்தது. யுரேனியம் மட்டும்தான் என்று நினைத்துத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அதைவிடக் கொடிய புளுட்டோனியமும் அதில் கலந்து வந்தது, அவர்களுக்குத் தெரியாது. 1999-ல் பத்திரிகையில் செய்தி வந்த பிறகே நாடு முழுவதும் தெரிந்தது.

அப்போது எரிசக்தி மந்திரியாக இருந்த பில் ரிச்சர்ட்சன், அதே ஆண்டு படூகாவுக்கே சென்று தொழிலாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

2000-ல் புதிய சட்டம் வந்தது. அணு ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்து புற்றுநோய் வந்தவர்களுக்கு 1½ லட்சம் டாலர். மருத்துவச் செலவும் உண்டு. ரசாயனப் பொருள்களால் மற்ற நோய்கள் வந்தவர்களின் மனுக்களை எரிசக்தித் துறை கவனிக்கும் என்றும் எழுதினார்கள்.

எரிசக்தித் துறை என்றால் எது? அந்தத் தொழிற்சாலைகளை நடத்திய அதே துறை!

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கு ஓணானை நீதிபதி ஆகவே உட்கார வைத்துவிட்டார்கள்.

என்ன நடந்தது? 2003 கடைசி வரை அந்தத் துறைக்கு வந்த மனுக்கள் சுமார் 23 ஆயிரம். முழுவதும் பரிசீலித்து முடித்தவை நூற்றுக்குச் சுமார் 6!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு ஒரு தணிக்கை அலுவலகம் இருக்கிறது. அது எந்த மந்திரிக்கும் கட்டுப்பட்டது அல்ல. அதன் அதிகாரிகள் கணக்குகளைப் பார்த்து, உண்மையை அறிக்கையாகக் கொடுத்தார்கள்.

2004-ல் பாராளுமன்றம் அந்த வேலையை எரிசக்தித் துறையிடம் இருந்து பிடுங்கித் தொழிலாளர் துறையிடம் கொடுத்தது. 2½ லட்சம் டாலர் வரை கொடுக்கலாம் என்றது. தொழிலாளர்களின் குறைகளைக் கேட்க ஓர் அதிகாரியையும் நியமித்தது.

ஒரு தணிக்கை, இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு வழி திறந்தது.

காவலரும் வந்தார்

புற்றுநோய் மனுக்களை எப்படி முடிவு செய்கிறார்கள்? வேறொரு துறையின் விஞ்ஞானிகள் பழைய ஏடுகளைத் தேடி எடுக்கிறார்கள். அந்தத் தொழிலாளியின் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். நோய் அதனால் வந்திருக்க, நூற்றுக்கு 50 பங்கு வாய்ப்பாவது இருந்தால் நஷ்ட ஈடு. கணக்கில் சந்தேகம் வந்தால் அதன் பலன் தொழிலாளிக்கே என்பது விதி.

அந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க ஓர் ஆலோசனைக் குழு ஏற்பட்டது. குழுவினரை நியமிப்பவர் ஜனாதிபதி. விஞ்ஞானி, டாக்டர், தொழிலாளர் பிரதிநிதி ஆகிய மூன்று வகையினரும் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழு தொழிற்சாலை இருந்த ஊர்களுக்கே சென்று, பகிரங்கமாகக் கூட்டம் போட்டது. விதவைகளும் எழுந்து பேசினார்கள். அதிகாரிகள் போட்ட கணக்கை, குழு தனியாக வேறு நிபுணர்களைக் கொண்டு திருப்பிப் போட்டுப் பார்த்தது.

சட்டத்தில் இன்னொரு நல்ல விதியும் இருக்கிறது. ஏடுகள் போதாமல் கணக்குப் போடவே முடியாத இடம் என்றால், அங்கு வேலை செய்தவர்களைத் தனிக் கூட்டமாகச் சேர்க்கலாம். அவர்களில் ஒருவருக்குக் குறிப்பிட்ட 22 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்திருந்தால், கணக்குக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டும். படூகா ஆலையைச் சட்டமே அப்படிச் சேர்த்தது. அயோவா வெடிமருந்துத் தொழிற்சாலையும், செயின்ட் லூயிஸ் நகரத்து யுரேனிய ஆலையும் 2005-ல் சேர்ந்தன.

இதன் பொருள் என்ன? நோட்டை எழுத வேண்டியவர் எழுதாமல் விட்டால், நஷ்டம் அவருக்கே. தொழிலாளிக்கு அல்ல. நம் மேஸ்திரி கதையில் இப்படி ஒரு விதி இருந்தால், 6 நாள் கூலியும் அன்றே கைக்கு வந்திருக்கும்!

காவலருக்கு வந்த ஆபத்து

காவலர் நன்றாக வேலை செய்தால் சிலருக்குப் பிடிக்காது.

தனிக் கூட்டங்கள் கூடினால் செலவு கூடும். 2005-ல் ஜனாதிபதி மாளிகையின் வரவு செலவு அலுவலகத்தில் இருந்து ஒரு குறிப்பு வந்தது. நஷ்ட ஈட்டுச் செலவைக் கட்டுக்குள் வைக்க வழிகள் அதில் சொல்லப்பட்டிருந்தன. தனிக் கூட்டத்தைச் சேர்ப்பதற்கு மேலிடத்து அனுமதி பெற வைப்பது ஒரு வழி. ஆலோசனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, "சமநிலை" செய்வது இன்னொரு வழி.

அதாவது, கணக்குப் பார்ப்பவர் கையைக் கட்டுவது!

இதைப் பாராளுமன்றம் சும்மா விடவில்லை. 2006-ல் பகிரங்க விசாரணை நடந்தது. விசாரணைக் குழுவின் தலைவர் ஜான் ஹாஸ்டெட்லர். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ஜனாதிபதி புஷ்ஷின் சொந்தக் கட்சிக்காரர்! ஆனாலும் தொழிலாளர்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அவரைப் பாராட்ட வேண்டும்.

மறுபக்கமும் உண்டு

"பொதுமக்களின் வரிப் பணம் இது. கேட்டவருக்கு எல்லாம் கொடுக்க முடியுமா?" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. அமெரிக்க அரசாங்கம் கொடுத்திருப்பது சிறு தொகை அல்ல. தொழிற்சாலைத் தொழிலாளர் திட்டத்தில் மட்டும் மருத்துவச் செலவையும் சேர்த்து 2,500 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. பொய் மனு வந்தால் தள்ளத்தான் வேண்டும். அதற்கும் காவலர் தேவை. நேர்மையான கணக்கு, பொய்யனைப் பிடிக்கும், உண்மையானவரையும் காக்கும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். காவலரே தாமதம் செய்வதும் உண்டு. கொலராடோ மாநிலத்தில் ராக்கி பிளாட்ஸ் என்ற இடத்தில் அணுகுண்டுத் தொழிற்சாலை இருந்தது. அங்குள்ள தொழிலாளர்கள் தங்களைத் தனிக் கூட்டமாகச் சேர்க்கச் சொல்லி 2005-ல் மனு கொடுத்தார்கள். 2007-ல் ஒரு சிறு பகுதியினரைச் சேர்த்தார்கள். 1983 வரை வேலை செய்தவர்களுக்கு வழி திறந்தது 2014-ல்! இடையில் ஓடிய ஆண்டுகளை நோயாளிக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஆகவே, காவலருக்கும் கெடு வைக்க வேண்டும்.

35 ஆண்டு காத்திருந்த ஊர்

உலகத்தின் முதல் அணுகுண்டு 1945 ஜூலை 16-ந் தேதி நியூ மெக்சிகோ மாநிலத்தில் வெடித்துப் பரிசோதிக்கப்பட்டது. சுற்றுப்புறத்து ஊர்களில் சாம்பல் விழுந்தது.

1990 சட்டத்தில், குண்டுச் சோதனையால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கும் நஷ்ட ஈடு உண்டு. ஆனால், நெவாடா சோதனையை ஒட்டிய ஊர்களுக்கு மட்டுமே. முதல் குண்டு வெடித்த நியூ மெக்சிகோவின் ஊர்களுக்கு இல்லை!

சுரங்கத் தொழிலாளர்களிலும் 1971-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இல்லை. அந்த ஆண்டுக்குப் பிறகு ரேடான் வாயு நின்றுவிட்டதா என்ன?

2024 ஜூனில் அந்தச் சட்டமே காலாவதி ஆகிவிட்டது. புதிய மனுக்களை வாங்க மறுத்தார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் கதவு மூடிக் கிடந்தது. 2025 ஜூலையில் சட்டம் உயிர் பெற்றது. நியூ மெக்சிகோ மக்களும், 1990 வரை சுரங்கத்தில் வேலை செய்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். மனு கொடுக்கக் கடைசி நாள் 2027 டிசம்பர் 31.

1990-ல் தொடங்கி 2025 வரை 35 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்களோ?

நமக்கு என்ன?

"அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு?" என்று நினைக்காதீர்கள்.

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணு மின் நிலையங்கள் நடக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கு வேலைக்குப் போகிறார்கள். 2003 ஜனவரியில் கல்பாக்கத்து அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் 6 ஊழியர்கள், அனுமதித்த அளவுக்கு மேல் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

மின்சாரம் வேண்டும். தொழில் வளர வேண்டும். அதே சமயம், அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

முதலாவது: தன் உடம்பில் பட்ட கதிர்வீச்சின் கணக்கைத் தொழிலாளி தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக் கூலியாக இருந்தாலும், அவன் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுப் போகும்போது அந்த ஏடும் அவனோடு போக வேண்டும்.

இரண்டாவது: வேலை வாங்கியவரே நஷ்ட ஈட்டை முடிவு செய்யக் கூடாது.

மூன்றாவது: கணக்கைச் சரிபார்க்கும் குழுவில் தொழிலாளர்களும் இருக்க வேண்டும். கூட்டம் பகிரங்கமாக நடக்க வேண்டும்.

நான்காவது: ஏடு காணாமல் போனால், அந்தக் குறையைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது.

ஐந்தாவது: ஒவ்வொரு மனுவுக்கும் கெடு வேண்டும்.

அணு வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவே கேளுங்கள்: "உன் கணக்கு யாரிடம் இருக்கிறது?"

சம்பளச் சீட்டு, வேலை உத்தரவு, டாக்டர் சீட்டு, இவற்றை எல்லாம் ஒரு பையில் போட்டுப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். நவாஹோ விதவைகளிடம் அந்தக் காகிதம் இல்லை. அதற்காக அவர்கள் 10 ஆண்டுகள் அலைந்தார்கள்.